அடுத்தவரின் கைலாயம்: ஏறுவதா, வலம் வருவதா?

கைலாயத்தின் உச்சியில் ஏறிப் பார்க்க வேண்டும் என்று யாழ்ப்பாணத்துச் சைவர் யாரும் ஆசைப்படுவதில்லை. வலம் வருவார்கள், மானசரோவர்த் தண்ணீரைப் போத்தலில் கொண்டுவந்து அயலுக்கெல்லாம் பங்கிடுவார்கள், அத்தோடு நிறைவு. காரைக்கால் அம்மையார் கால் படக்கூடாதென்று தலையால் நடந்த மலை அது என்று கேட்டே வளர்ந்தவர்கள் நாங்கள். அங்கே ஏறக்கூடாது என்று அறிவிப்புப் பலகை நட்டு எங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அதே ஆட்கள் மகனையோ மகளையோ பார்க்க அவுஸ்திரேலியா போய், நடுப் பாலையில் சிவந்து நிற்கும் உலூருவின் அடியில் இறங்கியதும், "ஏன் ஏற விடுறாங்கள் இல்லை? வெறும் கல்லுத்தானே?" என்கிறார்கள். அந்த மண்ணின் மக்களான அனங்குகளுக்கு அதுதான் கைலாயம் என்று அந்த நேரத்தில் தோன்றுவதில்லை.

பழங்குடிகள் புனிதமாகக் கொள்ளும் மலையில் ஏறலாமா என்றால், எல்லா மலைக்கும் பொருந்தும் ஒரே பதில் கிடையாது. சில மக்கள் ஏறவே வேண்டாம் என்கிறார்கள். சிலர் நடக்கலாம், உச்சியில் மட்டும் நிற்காதீர்கள் என்கிறார்கள். வேறு சில மலைகளில் ஏறுவதே வழிபாடு. அந்த மலைக்குரிய மக்கள் எதைக் கேட்கிறார்கள் என்று முதலே அறிந்து அப்படியே செய்ய வேண்டும். அவர்கள் கேட்பது சட்டமாகியிருக்கிறதா, வெறும் வேண்டுகோளா என்பது எனக்குப் பெரிய வித்தியாசமாகத் தெரியவில்லை.

உலூருவைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், எங்கள் ஆட்கள் அதிகம் போகும் இடம் அதுதான். தரையிலிருந்து 348 மீற்றர் உயரம். 1985 ஒக்டோபர் 26 அன்று நிலம் அனங்கு மக்களிடம் திரும்பக் கையளிக்கப்பட்டது. அவர்கள் அதைத் தேசியப் பூங்காவாக நடத்த 99 வருடக் குத்தகைக்கு அரசிடம் கொடுத்தார்கள். உரிமை கைக்கு வந்த பிறகும் ஏறுவதை அவர்கள் உடனே தடுக்கவில்லை. "ஏறாதீர்கள்" என்று அடிவாரத்தில் எழுதி வைத்து, முப்பது வருடத்துக்கு மேல் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 2017 நவம்பரில் பூங்காவின் நிர்வாக சபை, அனங்குகள் பெரும்பான்மையாக உள்ள சபை, ஒருமனதாக முடிவெடுத்தது. 2019 ஒக்டோபர் 26 முதல் ஏறுவது சட்டப்படி தடை. மூடப்போகிறார்கள் என்று தெரிந்ததும் கடைசி மாதங்களில் ஏறுவதற்கென்றே சனம் வரிசை கட்டி நின்றது. முப்பது வருடம் கேட்டுக்கொண்டிருந்த மக்களுக்கு அந்த வரிசையைப் பார்க்க எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தால் இப்போதும் மனம் கசக்கிறது.

அவர்கள் வேண்டாம் என்பதற்குக் காரணம் ஒன்றல்ல. ஆட்கள் ஏறிய பாதை, மாலா எனப்படும் முன்னோர் உலூருவுக்கு வந்தபோது சென்ற வழி. அந்த வழியும் அதன் சடங்குகளும் தீட்சை பெற்றவர்களுக்கு மட்டும் உரியவை. இரண்டாவது காரணத்தை எங்கள் ஆட்கள் கேட்டால் உடனே விளங்கிக்கொள்வார்கள்: தங்கள் நிலத்துக்கு வந்த விருந்தாளிக்கு ஏதும் நடந்தால் அதற்குத் தாங்கள் பொறுப்பு என்று அனங்குகள் நம்புகிறார்கள். அந்தப் பாறையில் குறைந்தது 37 பேர் இறந்திருக்கிறார்கள். வெயிலிலும் செங்குத்தான ஏற்றத்திலும் மாரடைத்து இறந்தவர்கள் பலர், சறுக்கி விழுந்தவர்களும் உண்டு. ஒவ்வொரு சாவுக்கும் அவர்கள் வீட்டுச் சாவு போலத் துக்கம் காத்தார்கள். மூன்றாவது, மேலே கழிப்பறை இல்லை, மண்ணும் இல்லை. மேலே போய் ஒதுங்கியவர்கள் விட்டதெல்லாம் மழை பெய்தால் நேரே கீழே உள்ள நீர்ச்சுனைகளுக்குத்தான் வரும். பறவையும் விலங்கும் குடிக்கும் சுனைகள் அவை.

ஏறுபவர்கள் பிடித்துக்கொள்ள 1964இல் போட்ட சங்கிலியைக் கழற்றிவிட்டார்கள். ஆனால் ஆட்கள் ஏறிய இடத்தில் பாறையின் சிவப்பு தேய்ந்து, நீளமாக வெளிறிய கோடொன்று இன்னும் கிடக்கிறது. மாலா நடைபாதையின் தொடக்கத்தில் நின்றால் கண்ணுக்கு நேரே தெரியும். பாறையின் மேல்தோல் இரும்புச் சத்து துருவேறிச் சிவந்தது, உள்ளே அது சாம்பல் நிறம். சப்பாத்துகள் அந்தத் தோலைத்தான் உரித்திருக்கின்றன.

இப்போது செய்யக்கூடியது வலம் வருவது, அது எங்களுக்குப் பழகிய வேலைதான். அடிவாரச் சுற்று 10.6 கிலோமீற்றர், பெரும்பாலும் சமதரை, ஆறுதலாக நடந்தால் மூன்றரை மணித்தியாலம். எங்கள் ஆட்கள் பிழை விடுவது காலத்தில். இங்கே பாடசாலை விடுமுறை, அங்கே பிள்ளைகளுக்கு லீவு என்று மார்கழி, தையில்தான் போவார்கள். அது அங்கே கடுங்கோடை, நிழலிலேயே 40 பாகையைத் தாண்டும். "யாழ்ப்பாண வெயிலில் வளர்ந்தனாங்கள்" என்று மார்தட்டக்கூடாது. எங்கள் வெயிலில் ஈரம் இருக்கும், வியர்வை உடம்பில் ஒட்டும், தாகம் தெரியும். அங்கே காற்று காய்ந்தது, வியர்வை வந்த கையோடு ஆவியாகிவிடும். தண்ணீர் இழப்பது தெரியாமலே தலை சுற்றத் தொடங்கும். வெள்ளென, சூரியன் வரும் முன்பே நடக்கத் தொடங்கி 11 மணிக்குள் முடித்துவிடுங்கள். ஒருவருக்கு மணித்தியாலத்துக்கு ஒரு லீற்றர் தண்ணீர் கணக்கு. முழுச் சுற்றுக்கும் மூன்று, நான்கு லீற்றரைச் சுமக்க முடியாத வயதானவர்கள் முழுச் சுற்றுப் போகத் தேவையில்லை. முட்டிஜுலு நீர்ச்சுனைக்குப் போய்வர ஒரு கிலோமீற்றர்தான், பாறைக் குகையில் பழைய ஓவியங்களையும் பார்க்கலாம். ஈ மொய்க்கும் காலத்தில் முகத்துக்கு வலை வாங்கிக்கொள்ளுங்கள். ஆனி, ஆடியில் போவதென்றால் பகல் சுகம், ஆனால் விடிய முன்னர் உறைகுளிர், தடித்த உடுப்பு வேண்டும்.

படம் எடுப்பதில் கவனம் தேவை. சுற்றுப்பாதையில் சில பகுதிகளில் படம் எடுக்க வேண்டாம் என்று பலகை இருக்கும். அவை ஆண்களுக்கு மட்டும், அல்லது பெண்களுக்கு மட்டும் உரிய இடங்கள். அங்குள்ள பாறையின் வெடிப்பும் குழியும் அவர்களுக்கு வேதம் எழுதிய ஏடு. மற்றப் பாலார் அதைப் படத்திலும் பார்க்கக்கூடாது. நல்லூர் மூலஸ்தானத்தைப் படம் எடுக்க நினைக்காதவருக்கு இது ஒரு கஷ்டமும் இல்லை. கைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு நடந்தால் பழக்கத்தில் அழுத்திவிடுவோம், அந்தப் பகுதியில் அதைப் பைக்குள் போட்டுவிடுவதுதான் நல்லது. பக்கத்திலுள்ள காட்டா ஜூட்டாவிலும் இதே ஒழுங்கு. 36 குன்றுகள் இருந்தாலும் நடக்க இரண்டு பாதைகளே திறந்திருக்கின்றன, அவற்றை விட்டு விலகக்கூடாது. காற்றுப் பள்ளத்தாக்குப் பாதையை வெப்பம் 36 பாகை அல்லது அதற்கு மேல் என்று கணித்த நாட்களில் 11 மணிக்கு மேல் இடையில் மூடிவிடுவார்கள்.

சின்னக் கல்லொன்று, ஒரு பிடி சிவப்பு மண் என்று எடுத்து வராதீர்கள். அப்படிக் கொண்டுபோனவர்கள் பிறகு மனம் கேட்காமல் உலகின் பல மூலைகளிலிருந்து மன்னிப்புக் கடிதத்தோடு தபாலில் திருப்பி அனுப்புகிறார்கள். எடுத்த இடம் தெரியாத கல்லை அதன் இடத்தில் திரும்ப வைக்க யாராலும் முடியாது.

"மலை இயற்கை தந்தது, எல்லோருக்கும் பொது" என்பார்கள் சிலர். பொது என்றால் எல்லோரும் பார்க்கலாம், நிழலில் இருக்கலாம் என்று அர்த்தம். எல்லோரும் அதன் தலையில் ஏறலாம் என்று யார் சொன்னது? அமெரிக்காவின் வயோமிங்கில் டெவில்ஸ் டவர் என்ற பாறைக்கோபுரத்தில் 1995 முதல் ஒவ்வொரு ஜூன் மாதமும் ஏறாமலிருக்கும்படி கேட்கிறார்கள், அந்த மாதத்தில்தான் லக்கோட்டா முதலிய மக்களின் சடங்குகள் நடக்கும். கட்டாயமில்லை, வெறும் கோரிக்கை. அந்த வருடமே ஜூனில் ஏறுபவர் தொகை பெருமளவு குறைந்தது. எல்லோரும் விலகவில்லை என்பதும் உண்மை. ரொறன்ரோவிலிருந்து கோடை விடுமுறைக்கு அந்தப் பக்கம் காரில் போகும் எங்கள் பிள்ளைகள் அடிவாரத்தைச் சுற்றி நடந்துவிட்டு வரலாம். மரங்களில் துணித்துண்டுகள் கட்டியிருக்கும், அவை நேர்த்திகள். எங்கள் கோயில் மரத்துத் தொட்டிலைப் போலவே அவற்றையும் தொடக்கூடாது.

உச்சியை விட்டுவிட்டுத் திரும்பினால் ஏறியவரின் பெருமை குறையும் என்பதை நான் ஏற்கவில்லை. கஞ்சன்ஜங்காவில் 1955இல் முதன்முதல் ஏறிய ஜோ பிரவுனும் ஜோர்ஜ் பாண்டும் சிக்கிம் அரசருக்குக் கொடுத்த வாக்கின்படி உச்சிக்குச் சில அடி கீழே நின்று திரும்பினார்கள். மலையேற்ற வரலாற்றில் அது முழு வெற்றியாகவே எழுதப்பட்டிருக்கிறது. நேபாளத்தின் மச்சபுச்சரே 6,993 மீற்றர். 1957இல் ஒரு குழு உச்சிக்கு மிக அருகே போய்த் திரும்பியது. அதன் பிறகு அந்த மலைக்கு அனுமதியே கொடுப்பதில்லை. அன்னபூர்ணா அடிவார முகாமுக்கு நடப்பவர்கள் வழிநெடுக அதைப் பார்த்தபடிதான் போகிறார்கள். நியூசிலாந்தின் டொங்கரிரோவில் ஒரு நாள் நடையைத் தாராளமாக நடக்கலாம், ஆனால் வழியிலுள்ள சிகரங்களில் ஏறாதீர்கள் என்று அங்குள்ள மாவோரி மக்கள் கேட்கிறார்கள். அந்த நாட்டின் மிக உயர்ந்த மலையான அவோராக்கியில் ஏறுபவர்களிடம் உச்சிப் புள்ளியில் மட்டும் கால் வைக்காதீர்கள் என்கிறார்கள், அது அவர்களுடைய முன்னோரின் தலை.

எங்கள் தீவுக்கு வருவோம். சிவனொளிபாத மலையில் கதை நேர்மாறு, அங்கே ஏறுவதுதான் வழிபாடு. சைவர், பௌத்தர், முஸ்லிம், கிறிஸ்தவர் நால்வருக்கும் உச்சியிலுள்ள அந்தப் பாதச்சுவடு சொந்தம். அதற்கும் முந்தி மலைக்குக் காவலாகச் சமன் தெய்வம் இருக்கிறார். யாழ்ப்பாணத்துக்கு இந்த மலையோடு பழைய உறவு. 1344இல் மொரோக்கோப் பயணி இபன் பதூதா புத்தளத்தில் யாழ்ப்பாண அரசரான ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்து, பாதத்தைப் பார்க்கப் போகவேண்டும் என்றார். அரசர் பல்லக்குக் கொடுத்து, வருடா வருடம் அந்த மலைக்குப் போய்ப் பழகிய யோகிகள் நால்வர், பிராமணர் மூவர், தன் ஆட்கள் பத்துப்பேர், சாமான் சுமக்கப் பதினைந்து பேர் என்று கூட அனுப்பினார். வழி தெரிந்தவர்களும் வழிபடத் தெரிந்தவர்களும் இல்லாமல் அனுப்பவில்லை.

இன்று வான் வண்டி பிடித்துக் கூட்டமாகப் போகிறோம். உயரம் 2,243 மீற்றர். நல்லதண்ணியிலிருந்து ஏறக்குறைய 5,500 படிகள். மார்கழிப் போயாவில் (பௌர்ணமியில்) தொடங்கி வைகாசிப் போயாவோடு பருவம் முடியும். மற்ற மாதங்களில் விளக்கும் இல்லை, தேத்தண்ணிக் கடையும் இல்லை, மழையும் அட்டையும்தான். பருவம் முடிந்தபின் "கூட்டம் இல்லை, ஜாலியாக ஏறலாம்" என்று போகிறவர்கள் இருக்கிறார்கள். மலை ஓய்வெடுக்கும் காலத்தில் அதை விட்டுவிடுவதும் மரியாதைதான் என்பது என் கருத்து.

மலையே இல்லாத குடாநாட்டிலிருந்து போகிறவர்களுக்குக் கஷ்டம் ஏறும்போது அல்ல, இறங்கும்போது. மூச்சு வாங்கினால் நின்று நின்று ஏறிவிடலாம். இறங்கும்போது ஒவ்வொரு படியிலும் தொடையின் முன்தசை நீண்டபடியே உடம்பின் பாரத்தைத் தாங்க வேண்டும். எங்கள் தசைகளுக்கு அந்த வேலை தெரியாது. பாதி வழியில் முழங்கால் தந்தியடிக்கும், அடுத்த மூன்று நாளும் வீட்டுப் படியில் பக்கவாட்டாகத்தான் இறங்குவீர்கள். கடற்கரையில் எத்தனை மைல் நடந்தாலும் இதற்கு உதவாது. ஆறு வாரத்துக்கு முன்பே மூன்று, நான்கு மாடிக் கட்டிடம் ஒன்றின் படியில் கிழமைக்கு மூன்று நாள் ஏறி இறங்குங்கள். முதல் கிழமை பத்து முறை, பிறகு கிழமைக்கு ஐந்தாகக் கூட்டலாம். இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துத் தொங்காமல், மெதுவாக, பாதம் முழுவதும் படியில் படும்படி இறங்கிப் பழகுங்கள்.

இரவெல்லாம் வான் வண்டியில் காலைத் தொங்கப்போட்டபடி வந்து, இறங்கின கையோடு ஏறுவதை நிறுத்த வேண்டும். கால் வீங்கியிருக்கும், நித்திரை இருக்காது, பாதி வழியில் சத்தி வரும். பகலில் போய்ச் சேர்ந்து, பின்னேரம் படுத்தெழும்பி, இரவு 2 மணியளவில் புறப்பட்டால் சூரிய உதயத்துக்குச் சரியாக இருக்கும். அதிகம் முந்திப் போனால் உச்சியில் குளிரில் நடுங்கிக்கொண்டு நிற்க வேண்டும், வியர்த்த சேட்டோடு நின்றால் இன்னும் மோசம். மாற்று உடுப்பொன்றைப் பொலித்தீன் அல்லாத பையில் கொண்டுபோய் மேலே போனதும் மாற்றுங்கள். போயா இரவிலும் சனி, ஞாயிறிலும் கடைசிப் பகுதியில் வரிசை அசையாது, கிழமை நாளில் போவது நல்லது. உச்சியில் சப்பாத்தைக் கழற்ற வேண்டும், சீமெந்துத் தரை பனிக்கட்டி போலக் குளிரும், தடித்த காலுறை வைத்திருங்கள்.

வழியில் இந்திகட்டுபான என்ற இடத்தில் சிங்களக் குடும்பங்கள் ஊசியில் நூலைக் கோத்து நீளமாக இழுத்துக்கொண்டு போவார்கள். புத்தர் சீவர ஆடையைத் தைக்க அங்கே தங்கினார் என்பது அவர்கள் நம்பிக்கை. வெள்ளை நூல் கற்றையாகப் படியோரம் சுற்றிக் கிடக்கும். குப்பையென்று நினைத்து அறுத்துக்கொண்டு நடக்காதீர்கள், காலைத் தூக்கிக் கடவுங்கள். உச்சி மணியை எத்தனை முறை ஏறினீர்களோ அத்தனை முறைதான் அடிக்கலாம், முதல் தரம் போனவர் ஒரு தரம். பைலாப் பாட்டைப் பெட்டியில் போட்டுக்கொண்டு ஏறும் இளம் பெடியளைப் பார்த்து வயதான அம்மாமார் ஒதுங்கி நிற்கிறார்கள். இந்த மலைக்கு அவர்கள் வாயில் வருவது "கருணாவை", எங்கள் வாயில் "அரோகரா". அதற்கு மேல் சத்தம் வேண்டாம்.

எங்கள் தீவின் பழங்குடிகள் வேடர்கள். அவர்கள் விடயத்தில் நாங்கள் போதிய கவனம் எடுப்பதில்லை. மதுறு ஓயாத் தேசியப் பூங்கா 1983இல் அறிவிக்கப்பட்டபோது தம்பானைப் பக்கத்து வேடர்கள் தலைமுறை தலைமுறையாகத் தேனெடுத்து வேட்டையாடிய காடு அவர்களுக்கே தடையானது. மலைத்தெய்வமான கந்தே யகாவை அழைத்து ஆடிய மக்கள் அவர்கள். அந்தக் காட்டுக்குன்றுகளில் ஏற வனசீவராசிகள் திணைக்களம் அனுமதிச் சீட்டுத் தரலாம். சீட்டு அரசின் சம்மதம் மட்டுமே. தம்பானையில் முதலில் ஊர்ப் பெரியவர்களைக் கண்டு, எந்தக் குகை, எந்தப் பாறை பக்கம் போகக்கூடாது என்று கேட்டுப் போவதுதான் முறை. வேட ஆண்கள் வணக்கம் சொல்லும்போது இரு கையாலும் உங்கள் முன்கைகளைப் பிடிப்பார்கள், நீங்களும் அப்படியே பிடிக்கலாம்.

கிழக்கில் வெருகல், வாகரைப் பக்கம் வாழும் வேடர்கள் தமிழ் பேசுபவர்கள். தொண்டைமானாறு செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகும் அடியார்கள் அவர்கள் ஊர்களைக் கடந்துதான் போகிறார்கள். மொழி ஒன்று என்பதால் கேட்பதற்குத் தடையே இல்லை: "ஐயா, இந்தக் குன்றிலை ஏறலாமோ, ஏதும் கட்டுப்பாடு இருக்கோ?" என்றால் போதும். வேண்டாம் என்றால் ஏன் என்று குடையாதீர்கள், சொல்லக்கூடிய காரணமென்றால் அவர்களே சொல்வார்கள். உகந்தைக்கு அப்பால் குமுக்கன், நாவலடி, வியாழை என்று காட்டுவழி. அங்கே குறித்த நாட்களில் மட்டுமே பாதை திறக்கும், அந்தத் திகதியைப் பார்த்துத்தான் யாழ்ப்பாணத்திலிருந்து புறப்படும் நாளைக் கணக்குப் பண்ண வேண்டும். கதிர்காமத்துக் கதிரமலைக்கு ஜீப் ஓடுகிறது. நடக்கக் கூடியவர்கள் நடந்து ஏறுங்கள். வள்ளியை வளர்த்தவர்கள் வேடர், அந்த மலை முதலில் அவர்களுடைய மலை.

கைலாயம் போகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும், ஏறாவிட்டாலும் ஆபத்து அங்கே உண்டு. வெளிச்சுற்று 52 கிலோமீற்றர், வழக்கமாக மூன்று நாள். டோல்மா கணவாய் 5,630 மீற்றர், அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதிதான். நாங்கள் கடல்மட்டத்திலிருந்து போகிறவர்கள். 3,000 மீற்றருக்கு மேல் ஒரு இரவுக்கும் அடுத்த இரவுக்கும் படுக்கும் உயரம் 500 மீற்றருக்கு மேல் கூடக்கூடாது, மூன்று நான்கு நாளுக்கொருமுறை ஒரே இடத்தில் தங்க வேண்டும். இதைவிட அவசரப்பட்ட நிகழ்ச்சிநிரல் தரும் பயண முகவரிடம் காசு கட்டாதீர்கள். தலையிடி, பசியின்மை வந்தால் மேலே போகாமல் நில்லுங்கள். நடை தள்ளாடினால், இருக்கும்போதே மூச்சு முட்டினால், சுற்றைப் பாதியில் விட்டுவிட்டு உடனே கீழே இறங்க வேண்டும். "இவ்வளவு தூரம் வந்து சுற்றாமல் போவதா" என்று பக்கத்தில் நிற்பவர்தான் முதலில் தடுப்பார். நாவுக்கரசரையே பாதியில் திருப்பி அனுப்பி ஐயாற்றில் காட்சி கொடுத்தவர் சிவன் என்று அவரிடம் சொல்லுங்கள். திபெத்திய பௌத்தரும் நாங்களும் வலமாகச் சுற்ற, திபெத்தின் பழைய மதமான 'பொன்' மதத்தவர் இடமாகச் சுற்றுவார்கள். எதிரே வருபவர் பிழையான திசையில் வருகிறார் என்று கையசைத்துத் திருப்பப் பார்க்காமல் வழிவிடுங்கள்.

கூட்டமாகப் போவதென்றால் இதையெல்லாம் காசு சேர்க்கும் முதல் கூட்டத்திலேயே பேசிவிட வேண்டும். எங்கே ஏறுவோம், எங்கே ஏறமாட்டோம், எங்கே கைபேசி பைக்குள் போகும் என்று ஒரு தாளில் எழுதி எல்லோருக்கும் வாசித்துக் காட்டுங்கள். சம்மதமில்லாதவர் அந்த நேரமே விலகலாம், கட்டிய காசையும் திருப்பிக் கொடுக்கலாம். அடிவாரத்தில் போய் நின்று வாக்குவாதப்பட்டால், அந்த மலைக்குரியவர்கள் பார்த்துக்கொண்டிருக்க அவர்கள் முன்னாலேயே சண்டை பிடிப்பீர்கள்.